இந்த உடுப்பு முதலில் யாருடையது?

நாளைக் காலை வேலைக்குக் கிளம்பும்போது, இரவு போட்டுத் தூங்கிய உடுப்போடு அப்படியே போகச் சொன்னால் போவீர்களா? உடம்பு முழுக்க மூடியிருக்கிறது. துவைத்த துணிதான். எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனாலும் கால் வாசலைத் தாண்டாது. அதே உடுப்பில் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். துணி மாறவில்லை, தையல் மாறவில்லை. பார்க்கிற கண்கள் எந்த இடத்தில் நின்று பார்க்கின்றன என்பது மட்டும் மாறியிருக்கிறது.

ஆடையும் பண்பாடும் என்று பெரிய தலைப்பாகப் பேசுவதெல்லாம் இந்தச் சின்னக் கூச்சத்திலிருந்துதான் தொடங்குகிறது. யார், எங்கே, எப்போது, எதை உடுத்தலாம் என்று யாரும் உட்காரவைத்துப் பாடம் நடத்துவதில்லை. ஆனாலும் பத்து வயதுக்குள் முக்கால்வாசி தெரிந்துவிடுகிறது. இப்படிச் சொல்லிக்கொடுக்காமலே ஒரு கூட்டத்துக்குள் ஊறிப்போன ஒப்பந்தங்களைப் பண்பாடு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கூட்டத்துக்குள்ளேயே ஒரு சிறிய கூட்டம், ‘எங்களுக்குள் வேறு ஒப்பந்தம்’ என்று தனித்து நின்றால் அது துணைப் பண்பாடு. பேச்சுவழக்கில் சப்கல்ச்சர் என்கிறோமே, அதுதான்.

தட்பவெப்பமும் கையில் கிடைக்கும் நூலும்தானே ஆடையை முடிவு செய்கின்றன என்று கேட்கலாம். பாதி சரி. பனி கொட்டும் இடத்தில் மெல்லிய துணியோடு திரிய முடியாது. ஆனால் அவை எல்லையைத்தான் போடுகின்றன. எல்லைக்குள் எதை எடுப்பது என்பது வேறு கணக்கு. வெயில் கொளுத்தும் நாடுகளிலும் நீதிமன்றத்தில் கறுப்பு அங்கியும், அலுவலகத்தில் கழுத்தை இறுக்கும் டையும் இருக்கின்றன. உடம்புக்கு அதில் ஒரு சுகமும் இல்லை. பார்ப்பவர்களுக்கு ஒரு செய்தி போகிறது, அவ்வளவுதான்.

அந்தச் செய்தி துணிக்குள்ளேயே இருக்கிறது என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் முதலில் விழுகிற பள்ளம். வெள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவிலும் கொரியாவிலும் மரபுப்படி அது துக்கத்தின் நிறம். ஐரோப்பிய வழக்கத்தில் மணப்பெண்ணின் நிறம். அதுவும் ஆதிகாலம் தொட்டு வந்ததல்ல. 1840-இல் இங்கிலாந்து அரசி விக்டோரியா தன் திருமணத்துக்கு வெள்ளை கவுன் அணிந்த பிறகுதான் அந்த வழக்கம் பரவி வேரூன்றியது. அதற்கு முன் பெரும்பாலான மணப்பெண்கள் தங்களிடம் இருந்த நல்ல உடுப்பை, அது எந்த நிறமானாலும், போட்டுக்கொண்டார்கள். இருநூறு வருடம்கூட ஆகாத ஒன்று, இன்று பலருக்கு என்றென்றும் இருந்த மரபாகத் தெரிகிறது.

அதனால் ஆடையைப் புரிந்துகொள்ள நான் எப்போதும் ஒரே கேள்வியைத்தான் கையில் வைத்திருக்கிறேன். இது முதலில் யாருக்காக வந்தது, இப்போது யார் போட்டிருக்கிறார்கள்? இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் அங்கே சுவாரசியமாக ஒன்றும் இல்லை. வேறு வேறாக இருந்தால், நடுவில் ஒரு கதை நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

துருக்கியின் ஃபெஸ் தொப்பி இதற்கு நல்ல உதாரணம். சிவப்பாக, மேலே தட்டையாக, குஞ்சம் தொங்கும் தொப்பி. 1829-இல், துருக்கியை அன்று ஆண்ட ஒட்டோமான் பேரரசின் சுல்தான் இரண்டாம் மஹ்மூத், அரசு அலுவலர்கள் தலைப்பாகையை விட்டுவிட்டு ஃபெஸ் அணிய வேண்டும் என்று ஆணையிட்டார். தலைப்பாகையின் அளவையும் கட்டையும் வைத்து ஒருவரின் பதவி, மதம், தொழில் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று இருந்த காலம் அது. எல்லோர் தலையிலும் ஒரே தொப்பி வந்தால் அந்த வேறுபாடுகள் மங்கும் என்பது கணக்கு. அதாவது ஃபெஸ் அன்று புதுமை. பழமையை விரும்பியவர்கள் அதை வெறுத்தார்கள். வருடங்கள் ஓடின. அடுத்தடுத்த தலைமுறைகளுக்கு ஃபெஸ்தான் ‘நம்முடைய’ தொப்பி ஆனது. பிறகு 1925-இல், துருக்கிக் குடியரசை நிறுவிய முஸ்தபா கெமால் அத்தாதுர்க்கின் அரசு தொப்பிச் சட்டம் கொண்டுவந்து, பிற்போக்கின் சின்னம் என்று அதே ஃபெஸ்ஸுக்குத் தடை போட்டது. எதிர்த்துக் கிளம்பியவர்களில் சிலர் தூக்கிலிடப்பட்டார்கள். ஒரே தொப்பி, நூறு வருடத்துக்குள் நவீனமாகவும் பழமையாகவும் இருந்துவிட்டது. தொப்பி தன் பாட்டுக்குத் தலையில் உட்கார்ந்திருந்தது.

சட்டம் போட்டு உடையைக் கட்டுப்படுத்துவது ஒட்டோமான்களோடு நிற்கவில்லை. இங்கிலாந்தில் 1571-இல் ஒரு சட்டம் வந்தது. பிரபுக்கள் போன்றோர் தவிர ஆறு வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் ஞாயிறும் விடுமுறை நாளும் கம்பளித் தொப்பி அணிந்தே ஆக வேண்டும். கம்பளித் தொழிலைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் இதில் ஒரு பக்க விளைவு உண்டு: தெருவில் கம்பளித் தொப்பியோடு வருபவர் யார், பட்டுத் தொப்பியோடு வருபவர் யார் என்பது தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

ஜப்பானில் ‘எடோ’ என்று அழைக்கப்படும் காலத்தில் நடந்தது எனக்கு இன்னும் பிடித்தது. பதினேழு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையிலான அந்தக் காலத்தில் வியாபாரிகள் கையில் பணம் புரண்டது. சமூக அடுக்கிலோ அவர்கள் கீழே. பளபளக்கும் பட்டும் பகட்டு நிறங்களும் உங்களுக்கு இல்லை என்று அரசு திரும்பத் திரும்ப ஆணை போட்டது. அவர்கள் என்ன செய்தார்கள்? வெளியே சாயம் போனது போன்ற பழுப்பிலும் சாம்பலிலும் மேலங்கி தைத்துக்கொண்டார்கள். உள்ளே, லைனிங்கில், ஓவியர் கையால் தீட்டிய பட்டு. தெருவில் நடக்கும்போது அடக்கமான மனிதர். நண்பர் வீட்டில் மேலங்கியைக் கழற்றி மடித்து வைக்கும் ஒரு நொடியில் புலியோ மலையோ எட்டிப் பார்க்கும். அனுமதிக்கப்பட்ட மங்கல் நிறங்களிலும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. ‘நாற்பத்தெட்டு பழுப்பு, நூறு சாம்பல்’ என்று ஒரு சொலவடையே உண்டாகும் அளவுக்கு அதற்குள் நுட்பம் பிரித்தார்கள். பழகிய கண்ணுக்கு மட்டும் எது எந்தச் சாம்பல் என்று தெரியும். காலப்போக்கில், வெளியே பகட்டுவதுதான் ரசனைக் குறைவு என்று ஆகிவிட்டது. தடை போட்டவர்கள் எதிர்பார்க்காத திருப்பம் இது.

துணைப் பண்பாட்டின் அடிப்படைச் சூத்திரம் முழுவதும் இந்த லைனிங்கில் இருக்கிறது. பெரிய கூட்டம் கொடுத்த பொருளையே எடுத்துக்கொள்வது, உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி அதைத் திருப்புவது.

திருப்புவதற்குப் பொருள் எங்கிருந்து வருகிறது? யாரும் வானத்திலிருந்து புது உடுப்பைக் கொண்டுவருவதில்லை. பழைய ராணுவச் சரக்கு, தொழிலாளியின் பூட்ஸ், பணக்காரரின் சூட் என்று ஏற்கெனவே ஓர் அர்த்தம் ஒட்டியிருக்கிற பொருளைத்தான் எடுப்பார்கள். பழைய அர்த்தம் இருந்தால்தானே அதைக் கவிழ்க்க முடியும்.

1960-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ‘மாட்’ என்று தங்களை அழைத்துக்கொண்ட இளைஞர்களைப் பாருங்கள். பெரும்பாலும் உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகள், சின்னச் சின்ன வேலைகளில் இருந்தவர்கள். சம்பளத்தில் பெரும்பகுதியை இத்தாலிய பாணியில் ஒட்டித் தைத்த சூட்டுக்குச் செலவழித்தார்கள். அலுவலகத்தில் உயரதிகாரி போடும் சூட்டைவிட இவர்களுடையது கச்சிதம். போவதோ வெஸ்பா, லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரில். மழையும் எண்ணெயும் சேறும் சூட்டில் படக் கூடாதே! அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: கொரியப் போர்க் காலத்து அமெரிக்க ராணுவப் பார்க்கா. மிச்சச் சரக்காக மலிவாகக் கிடைத்த, பச்சை நிற, தொளதொளத்த மேலுடை. பின்பக்கம் மீன்வால் மாதிரி இரண்டாகப் பிளந்திருக்கும். காற்று உள்ளே புகாமல் தொடையைச் சுற்றிக் கட்டிக்கொள்ளச் சிப்பாய்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. ஸ்கூட்டர் ஓட்டுகிறவருக்கும் அதே வசதி. ஆக, சூட்டைக் காப்பாற்ற வந்த அழுக்குத் துணி, கொஞ்ச நாளில் சூட்டுக்குச் சமமான அடையாளமாகிவிட்டது. எதிர் அணி ‘ராக்கர்’ கூட்டம்: தோல் ஜாக்கெட், மோட்டார் சைக்கிள். 1964-இல் கடற்கரை ஊர்களில் இரண்டு கூட்டமும் மோதிக்கொண்டன. யார் எந்தப் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

அதற்கு இருபது வருடம் முன்பு அமெரிக்காவில் நடந்தது இதைவிடக் கசப்பானது. ஸூட் சூட் என்று ஓர் உடை. தோளில் அடுக்கு அடுக்காகப் பஞ்சு வைத்து, முழங்காலைத் தொடப் பார்க்கும் நீள கோட்டு. நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழிருந்தே தொடங்கி, தொடையில் உப்பி, கணுக்காலில் இறுகும் பேன்ட். சில சமயம் இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை தொங்கும் சங்கிலி. கறுப்பின இளைஞர்களும் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களும் இதை விரும்பி அணிந்தார்கள். ஒதுக்கி வைத்த ஊரில், கண்ணில் படாமல் போக மாட்டேன் என்று அடம் பிடிக்கும் உடை. 1942-இல் போர்க்காலச் சிக்கனம் என்று கம்பளித் துணிக்கு அளவு கட்டினார்கள். அந்த அளவுக்குள் ஸூட் சூட் தைக்கவே முடியாது. நேற்று வரை பகட்டாக இருந்தது இன்று தேசத்துரோகமாகத் தெரிய ஆரம்பித்தது. 1943 ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலஸில் கடற்படைச் சிப்பாய்கள் கூட்டம் கூட்டமாக இறங்கி, அந்த உடையில் இருந்த இளைஞர்களை அடித்து, நடுத்தெருவில் உடைகளை உருவினார்கள். போலீஸ் பிடித்துப் போனது பெரும்பாலும் அடிபட்டவர்களைத்தான். நகர மன்றம் உடைக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. இத்தனை கோபமும் கொஞ்சம் கூடுதல் துணியின் மேல் என்று நம்புவது கஷ்டம். அந்த உடுப்புக்குள் இருந்த ஆட்களின் மேல் ஏற்கெனவே இருந்த வெறுப்புக்கு, கைக்குப் பிடிகிடைத்தது போல இருந்தது அந்தக் கோட்டு.

பங்க் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1976, 77 வாக்கில் லண்டனில் வெடித்த முரட்டு ராக் இசையும் அதைச் சுற்றிய இளைஞர் கலகமும். அதன் முத்திரை ஊக்கு. கிழிந்த துணியை யாருக்கும் தெரியாமல் இழுத்துப் பிடிக்கவும், குழந்தையின் இடுப்புத் துணியை முடியவும் இருந்த சாதாரண ஊக்கு. பங்க் இளைஞர்கள் வேண்டுமென்றே கிழித்த சட்டையில் அதை வரிசையாகக் குத்தினார்கள். கிழிசலை மறைக்க இருந்த பொருள் கிழிசலை விளம்பரப்படுத்தும் பொருளானது. கிங்ஸ் ரோட்டில் விவியன் வெஸ்ட்வுட்டும் மால்கம் மெக்லாரனும் நடத்திய கடை இந்தப் பாணிக்கு மையமாக இருந்தது.

அடுத்து நடந்ததுதான் ஒவ்வொரு துணைப் பண்பாட்டுக்கும் நடப்பது. 1977-லேயே ஸாண்ட்ரா ரோட்ஸ் என்ற வடிவமைப்பாளர் கிழிசலும் ஊக்கும் வைத்து விலையுயர்ந்த உடைகளை மேடையேற்றிவிட்டார். 1994-இல் ஒரு திரைப்படத்தின் முதல் காட்சிக்கு நடிகை எலிசபெத் ஹர்லி வந்த கறுப்பு வெர்சாச்சி கவுனைப் பக்கவாட்டில் பிடித்திருந்தவை பெரிய தங்க நிற ஊக்குகள். வெஸ்ட்வுட்டுக்கு 2006-இல் பிரிட்டன் ‘டேம்’ பட்டமே கொடுத்தது. எதிர்ப்பைச் சந்தை முறியடிப்பதில்லை, விலை ஒட்டி அலமாரியில் வைக்கிறது. சில சமயம் அதுவும் சொதப்பும். 1992 நவம்பரில் மார்க் ஜேக்கப்ஸ், பெர்ரி எல்லிஸ் நிறுவனத்துக்காக ‘கிரஞ்ச்’ என்ற ராக் இசைக் கூட்டத்தின் பாணியில் உடைகளைக் காட்டினார். சியாட்டில் இசைக்காரர்கள் பழைய துணிக்கடையில் அள்ளிப் போட்ட கட்டம் போட்ட ஃபிளானல் சட்டை, மேடையில் பட்டுத் துணியில் கட்டம் அச்சடித்து வந்தது. மரம் வெட்டுகிறவரின் சட்டை, பட்டில்! கிரஞ்ச்காரர்களுக்கும் பிடிக்கவில்லை, பணக்கார வாடிக்கையாளர்களுக்கும் பிடிக்கவில்லை. ஜேக்கப்ஸுக்கு வேலை போனது. பிறகு ஃபேஷன் வரலாற்றில் அதுவே கொண்டாடப்படும் தொகுப்பாகவும் ஆனது.

இங்கே ஓர் எச்சரிக்கை. உடையைப் படிக்கக் கற்றுக்கொண்டதும் எல்லோரையும் படித்துவிடலாம் என்று ஒரு தெம்பு வரும். டாக்டர் மார்ட்டென்ஸ் பூட்ஸ் அதைத் தட்டிவிடும். ஜெர்மன் ராணுவ மருத்துவர் கிளாஸ் மார்ட்டென்ஸ் பனிச்சறுக்கில் கணுக்கால் அடிபட்டதால், 1945-இல் காற்று மெத்தை போன்ற அடிப்பாகம் வைத்து ஒரு பூட்ஸ் செய்தார். அந்த யோசனையை வாங்கி, எட்டுத் துளை வைத்த பூட்ஸை இங்கிலாந்தில் 1960 ஏப்ரல் 1 அன்று வெளியிட்டார்கள். அதன் பெயர் 1460: தேதி, மாதம், வருடம். தபால்காரர்களும் ஆலைத் தொழிலாளர்களும் போட்ட காலணி அது. அறுபதுகளின் இறுதியில், தலையை ஒட்ட மழித்துக்கொண்ட ‘ஸ்கின்ஹெட்’ இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஜமைக்காவிலிருந்து வந்த ஸ்கா, ரெக்கே இசையைக் கேட்டு ஆடியவர்கள். எழுபதுகளின் இறுதியில் அந்தக் கூட்டத்தின் ஒரு பகுதி இனவெறி அரசியலின் பக்கம் போனது. 1987-இல் நியூயார்க்கில், இனவெறிக்கு எதிரான ஸ்கின்ஹெட்கள் ‘ஷார்ப்’ என்ற பெயரில் அணி சேர்ந்தார்கள். மொட்டைத் தலை ஒன்றே, பூட்ஸ் ஒன்றே, கொள்கையோ நேர் எதிர். வெளியே இருந்து பார்ப்பவருக்கு ஆளைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

துணைப் பண்பாடு என்றாலே இளைஞர், இசை, கலகம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். அமெரிக்காவில் எளிய வாழ்க்கையை விடாமல் பிடித்திருக்கும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்தில் பல சபைகள் ஆண்களின் கோட்டில் பட்டன் வைப்பதில்லை, கொக்கிதான். அலங்காரமும் ஆடம்பரமும் வேண்டாம் என்ற முடிவு. அவர்களைச் சுற்றியுள்ள ஊர் முழுக்க மாறிக்கொண்டே போக, இவர்கள் மாறாமல் இருப்பதாலேயே தனித்துத் தெரிகிறார்கள். தொப்பியின் விளிம்பு எத்தனை அங்குலம் என்பதுவரை சபைக்குச் சபை கணக்கு உண்டு. சுதந்திரம் பேசும் பங்க் கூட்டத்திலும் இதே கெடுபிடிதான், ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இவன் ஒரிஜினல், அவன் போலி என்று சண்டை போட்டுத் தீராது. பெரிய கூட்டத்தில் சட்டைக் காலர் கொஞ்சம் அகலமானால் யாரும் கவனிப்பதில்லை. சின்னக் கூட்டத்தில் பூட்ஸ் கயிற்றின் நிறம்கூட விசாரணைக்கு வரும்.

காங்கோவின் சாப்பூர்களிடமும் அப்படி ஒரு விதி உண்டு. பிரஸ்ஸாவில், கின்ஷாசா நகரங்களில், வசதி குறைந்த தெருக்களில், பாரிஸ் கடை சூட்டும் மெருகேற்றிய காலணியுமாக நடக்கிறவர்கள் இவர்கள். ஒரு நேரத்தில் மூன்று நிறத்துக்கு மேல் உடம்பில் இருக்கக் கூடாது. வெள்ளைக்காரனின் உடைக்கு இவ்வளவு மோகமா என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் எழுபதுகளில் அன்றைய ஸாயிரில் (கின்ஷாசா இருக்கும் காங்கோவின் அப்போதைய பெயர்) அதிபர் மொபுட்டு, மேற்கத்திய சூட்டும் டையும் ஆப்பிரிக்கத்தன்மைக்கு விரோதம் என்று தடை செய்து, அபகோஸ்ட் என்ற காலர் மாறிய மேலுடையைத் திணித்திருந்தார். அந்த நேரத்தில் டை கட்டிக்கொண்டு தெருவில் இறங்குவது சர்வாதிகாரிக்குக் காட்டிய முறைப்பு. ஆண்டவர்கள் விட்டுப்போன உடை, அடுத்து ஆண்டவரை எதிர்க்கக் கைகொடுத்தது.

நமீபியாவின் ஹெரெரோ பெண்களின் உடை இன்னொரு முடிச்சு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மன் மிஷனரிகள் கொண்டுவந்த, தரை தொடும், பல அடுக்குப் பாவாடை வைத்த கவுன் அது. 1904 முதல் 1908 வரை ஜெர்மன் படை ஹெரெரோ மக்களைக் கொன்று குவித்தது. ஆனால் அந்தக் கவுனை அவர்கள் தூக்கி எறியவில்லை. பளிச்சென்ற நிறங்களில் தைத்தார்கள். தலைக்கு, பக்கவாட்டில் இரண்டு முனையாக நீளும் துணிப் பாகை கட்டினார்கள். அது மாட்டுக் கொம்பு. மாடுதான் அவர்களுக்குச் செல்வம். இன்று அந்த உடையைப் பார்க்கிற எவரும் இது ஜெர்மன் உடை என்று சொல்ல மாட்டார்கள். முதலில் யாருடையது என்ற கேள்விக்கு ஜெர்மானியர் என்று பதில் வரும். இப்போது யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை.

டை பற்றி மேலே இரண்டு முறை பேசிவிட்டேன். என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வேலையின் முதல் நாள் நான் டை கட்டிக்கொண்டு போனேன். அறை முழுக்க டீ-ஷர்ட். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சிரிக்கக்கூட இல்லை, அதுதான் தாங்கவில்லை. மதிய உணவுக்குப் போகிற சாக்கில் டையைக் கழற்றிச் சுருட்டிப் பையின் அடியில் போட்டுவிட்டுத் திரும்பினேன். மரியாதையான ஆள் என்று காட்டத்தானே கட்டினோம் என்று நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அதன் பூர்வீகம் பிறகுதான் தெரியவந்தது. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படையில் கூலிக்குச் சண்டை போட வந்த குரோஷியச் சிப்பாய்கள் கழுத்தில் சுற்றியிருந்த துணி அது. பாரிஸ்காரர்கள் பார்த்து ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டார்கள். ‘கிராவாட்’ என்ற பிரெஞ்சுப் பெயரே குரோட் என்பதிலிருந்து வந்ததுதான்.